கோணல் இல்லாமல் கார்ட்டூன் கற்றுக்கொடுப்பது எப்படி?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே தருமபுரி நான்கு ரோட்டில் பிளெக்ஸ் பேனர்கள் முளைத்துவிடும். அபாகஸ், இந்தி, கையெழுத்துப் பயிற்சி, சிலம்பம் என்று வரிசையாக அடுக்கிவிட்டுக் கடைசி வரியில், இடம் மீதி இருந்தால், டிராயிங். அந்தக் கடைசி வரியை நம்பி, "என் பையன் கார்ட்டூன் போடணும், சொந்தமா ஒரு கேரக்டரே உருவாக்கணும்" என்று ஆசைப்படும் பெற்றோருக்காகத்தான் இந்தக் கையேடு. பாலக்கோடு, அரூர், காரிமங்கலம், பென்னாகரம் வட்டாரத்தாரும் தாராளமாகப் பயன்படுத்தலாம். சொன்னபடி செய்தால் ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பலன் தெரிந்துவிடும். என்ன பலன் என்று மட்டும் இப்போதே கேட்காதீர்கள்.

முதலில் சாமான். 24 கலர் ஸ்கெட்ச் பேனா, கிரேயான், வாட்டர் கலர், மூன்று சைஸ் பிரஷ், கிளிப் வைத்த அட்டை எல்லாம் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். "நல்லா வரையக் கத்துக்கோ, அப்புறம் எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டால் போதும். இப்போதைக்கு ஒரு பென்சில், ஒரு ரப்பர். ரப்பர் பெரியதாக இருக்கட்டும். வரைவதைவிட அழிப்பதுதான் முக்கியம் என்பது பிள்ளைக்கு முதல் நாளே உறைத்துவிட வேண்டும்.

பீரோ பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்திலும் மாம்பழப் பெட்டி அட்டையிலும் திண்ணைச் சுவரிலும் கிறுக்க ஆரம்பிக்கிற பிள்ளைகள் உண்டு. உடனே தடுத்துவிடுங்கள். மைசூரில் ஆர்.கே. லட்சுமண் என்றொரு பையன் வீட்டுத் தரை, சுவர், கதவு ஒன்றையும் விட்டுவைக்காமல் இப்படித்தான் கிறுக்கினார். என்ன ஆயிற்று? பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தபோது, சேர்த்துக்கொள்கிற அளவுக்குத் திறமை போதாது என்று பதில் வந்தது. அப்புறம் அதே பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் அரை நூற்றாண்டு காலம் கார்ட்டூன் போட்டுத்தான் பிழைக்க வேண்டியதாயிற்று. உங்கள் பிள்ளைக்கு அந்தக் கதி வர வேண்டுமா?

அடுத்தது இயற்கைக் காட்சி. கார்ட்டூன் கற்கப் போகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்கக்கூடாது. எல்லோரும் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், சூரியனுக்கு ஸ்கேல் வைத்துப் போட்ட கதிர்கள், மலையிடுக்கிலிருந்து இறங்கி வருகிற நீல ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நான்கு காக்கை. தருமபுரி மாவட்டத்தில் இதைக் கற்பிப்பதில் ஒரு சின்ன இடைஞ்சல் இருக்கிறது. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் நிஜ மலை கண்ணில் படும். வத்தல்மலை, சித்தேரி மலை, தீர்த்தமலை, கொஞ்சம் தள்ளிப் போனால் கல்வராயன் மலை. இதில் ஒன்றுகூட முக்கோணமாக இல்லை. ஒன்று நீட்டிப் படுத்திருக்கும், இன்னொன்று பாறையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கும். பஸ்ஸில் போகும்போது பிள்ளையை ஜன்னலோரம் உட்கார வைக்காமல் பார்த்துக்கொண்டால் இந்தச் சிக்கலைத் தவிர்க்கலாம். புளியமரத்தையும் மறைக்க வேண்டும். ரோட்டோரம் முழுக்க அதுதான் நிற்கிறது என்பதற்காகப் படத்தில் தென்னை நிற்க வேண்டிய இடத்தில் புளியமரத்தை நிறுத்தினால் மார்க் குறையும்.

இயற்கைக் காட்சி பழகியபின் முகம். வட்டத்தைக் கையால் போட விடாதீர்கள், கோணிக்கொள்ளும். வளையலோ டம்ளர் மூடியோ வைத்துப் போடச் சொல்லுங்கள். இந்த இடத்தில் ஓர் ஆசாமியைப் பற்றி எச்சரித்துவிட வேண்டும். ஜெனீவாவில் ரொடால்ஃப் டோப்ஃபர் என்றொரு வாத்தியார் இருந்தார். கண்ணில் கோளாறு, அதனால் அப்பாவைப் போல ஓவியராக முடியாமல் போர்டிங் ஸ்கூல் வைத்து நடத்தினார். நம் பக்கத்துப் போர்டிங் ஸ்கூல்களில் விடியற்காலை 4 மணிக்கு எழுப்பி இயற்பியல் சூத்திரம் ஒப்பிக்க வைக்கிறார்கள். இந்த மனிதரோ கோணல் மாணலாகப் படக்கதை வரைந்து பையன்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். 1827-ல் அவர் வரைந்த காதல் கிறுக்குப் பிடித்த ஒருவரின் கதை, பத்து வருஷம் கழித்து 1837-ல் புத்தகமானது. இன்றைக்கு நாம் காமிக்ஸ் என்கிறோமே, அதற்கு அவரைத்தான் தகப்பன் என்கிறார்கள். அதோடு விட்டாரா? 1845-ல் ஒரு சின்ன நூலும் எழுதினார். எவ்வளவு மோசமாகக் கிறுக்கினாலும் சரி, மனித முகம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு ஒரு குணமும் கூடவே வந்துவிடும் என்பதுதான் அதன் சாரம். வரையத் தெரியாதவனும் கதாபாத்திரம் படைக்கலாம் என்று அர்த்தமாகிறது. எவ்வளவு ஆபத்தான கருத்து!

அந்த ஆபத்தை ஒரு தடவை நீங்களே தனியாக, பிள்ளை தூங்கியபின், சோதித்துப் பாருங்கள். ஒரு தாளில் கையாலேயே பத்து வட்டம். எல்லாவற்றிலும் கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரே மாதிரி ஒரு நேர்கோடு. புருவத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டும் மூக்குப் பக்கம் சரிந்தால் கோபக்காரர். வெளிப்பக்கம் சரிந்தால் அழுமூஞ்சி. ரொம்ப உயரத்தில், கிட்டத்தட்ட மண்டைக்கு வெளியே போட்டால், கரண்ட் பில்லைப் பார்த்தவர். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால், "அடுத்த வாரம் தர்றேன்" என்று சொல்லிச் சாமான் கேட்கிறவரைப் பார்க்கும் மளிகைக் கடைக்காரர். வாய் அசையவே இல்லை, ஆனால் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். வட்டம் கோணிப்போன இடத்தில் ஒருவருக்குத் தாடை நீண்டு, இன்னொருவருக்குக் கன்னம் உப்பி, நீங்கள் கேட்காமலே ஆள் அடையாளம் வேறு வந்திருக்கும். உடனே கிழித்துப் போட்டுவிடுங்கள். பிள்ளை கண்ணில் பட்டால் ராத்திரி முழுக்க இதையே செய்துகொண்டிருக்கும்.

இதற்குப் பதில் கற்பிக்க வேண்டியது காப்பி அடிப்பது. கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து, சோட்டா பீமை அச்சு அசலாக இறக்குவது. மாமா வந்தால் காட்டலாம், "அப்படியே இருக்கே!" என்பார். பிள்ளைக்குச் சொந்தமாக ஒன்றும் தோன்றாமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது. 2007-ல் சுட்டி டிவி வந்ததிலிருந்து இது ரொம்பச் சுலபமாகிவிட்டது. டோரா தமிழ் பேசினாள், ஷின்சான் தமிழ் பேசுகிறான். அவன் அம்மாவை எதிர்த்துப் பேசுவதை நம் வீட்டில் கேட்கிறபோதுதான் அது தமிழ் என்பதே நமக்கு உறைக்கிறது.

காப்பியிலும் கவனம் வேண்டும். மிக்கி மவுஸை வரையும் பிள்ளையின் தாளை வாங்கி விரலை எண்ணிப் பாருங்கள். நாலுதான் இருக்கும். "இன்னொரு விரல் எங்கடா?" என்று ஒரு குட்டு வைத்துவிட்டு ஐந்தாவதைப் போடச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கான படங்களைக் கையால் வரைகிற தொழிலில் ஒரு விரல் குறைந்தால் எவ்வளவு வேலை மிச்சம் என்று கணக்குப் போட்டுத்தான் அங்கே நாலோடு நிறுத்தினார்கள், அது அவர்கள் பாடு. அந்த எலி தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டு காதும் முழு வட்டமாகவே தெரியும். நிஜத்தில் எந்தக் காதும் அப்படி இருக்காது. உருவத்தைக் கறுப்பு நிழலாக்கிக் காட்டினாலும் யார் என்று சட்டென்று தெரிய வேண்டும், அதற்கு உடற்கூறு விதியைக்கூட மீறலாம் என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டால் அப்புறம் எந்த விதிக்கும் அடங்காது.

பழைய சாதனை ஒன்றையும் நினைவுபடுத்துகிறேன். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். ஒரு தலைமுறைத் தமிழ்ப் பையன்கள் அந்தக் கையை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வரைந்தே வளர்ந்தார்கள். ஆனால் ஒருவருக்கும் ஒரு கேள்வி தோன்றவில்லை, அதுதான் காப்பியின் மகிமை. நம்மூர் மின்வெட்டில் மாயாவி என்ன செய்வார்? 2012-ல் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது அவர் தருமபுரிக்கு வந்திருந்தால் பட்டப்பகலில் முழு உடம்போடு பஸ் ஸ்டாண்டில் நின்று மாட்டியிருப்பார். திருடனைப் பிடிப்பதற்கு முன்னால் மின்வாரிய ஆபீஸில் போய்ப் புகார் எழுதிக் கொடுத்திருப்பார். இப்படி ஒரு பிள்ளை கதை சொல்ல ஆரம்பித்தால் அது காப்பி அல்ல, ஆகவே அனுமதி இல்லை.

கலர் அடிப்பதில் ஒரே ஒரு விஷயம். தருமபுரி மாவட்டத்துப் பிள்ளை தாத்தா படம் வரையும்போது முகமெல்லாம் ஒழுங்காக வரைந்துவிட்டுப் பல்லுக்கு மட்டும் பழுப்புக் கிரேயானை எடுக்கலாம். குறுக்கே இரண்டு வரி, ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு. அசிங்கமாக இருக்கிறது என்று திட்டி, வெள்ளை விடச் சொல்லுங்கள். பிள்ளை அசிங்கப்படுத்த வரையவில்லை, தாத்தாவின் பல் அப்படித்தான் இருக்கிறது, ஆயாவின் பல்லும் அப்படித்தான், மாடு மேய்க்கிற பெரியப்பாவுக்கும் அப்படித்தான். போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு இருந்த ஊர்களில் அது ஒரு குடும்பத்தோடு நின்ற விஷயம் இல்லை. ரூ.1,928 கோடியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-ல் காவிரித் தண்ணீர் வந்தது இதற்காகத்தான். அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் என்ற சொல் இருக்கிறது. ஜப்பானிலிருந்து நமக்கு வந்தவற்றில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று அந்தத் திட்டத்துக்குக் கடன், இன்னொன்று டோரேமான். கடன், பிள்ளையின் பல்லை நிஜமாகவே வெள்ளையாக்கப் பார்க்கிறது. டோரேமானை வைத்துக்கொண்டு நாம் தாத்தாவின் பல்லையும் தாளிலேயே வெள்ளையாக்கிவிட்டோம், ஒரு ரூபாய் செலவில்லாமல்.

இனி, சொந்தக் கதாபாத்திரம். கையேட்டின் நெஞ்சு இதுதான். உங்கள் பிள்ளை உருவாக்கும் பாத்திரம் நல்லவனாக இருக்க வேண்டும். அதிகாலையில் எழ வேண்டும், பொய் சொல்லக்கூடாது, கீரை சாப்பிட வேண்டும், முதல் ரேங்க் எடுக்க வேண்டும். பெயர் அறிவழகன் அல்லது நற்குணன். கடைசிக் கட்டத்தில் அவன் விரலை உயர்த்தி ஒரு நீதி சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவனை இரண்டாம் தடவை பார்க்க யாரும் விரும்ப மாட்டார்கள், ஆகவே இரண்டாவது கதை எழுதுகிற வேலையும் மிச்சம்.

இதில் தவறான முன்னுதாரணங்கள் நிறைய இருக்கின்றன. ஆனந்த விகடனில் மதன் படைத்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரெட்டைவால் ரெங்குடு வீட்டில் இருந்தால் வீடு வீடாக இருக்காது. முன்ஜாக்கிரதை முத்தண்ணாவுக்கு ஜாக்கிரதை தவிர வேறு எதுவும் தெரியாது. சிரிப்புத் திருடன் சிங்காரவேலுவின் தொழில் பெயரிலேயே இருக்கிறது. வீட்டு புரோக்கர் புண்ணியகோடி செய்கிற புண்ணியமும் அப்படியே. ஆளுக்கு ஒரே ஒரு குறை, அதையும் திருத்திக்கொள்வதே இல்லை. அடுத்த வாரமும் அதே குறையோடு வந்து நிற்பார்கள், நாமும் போனவாரம் சிரித்த அதே இடத்தில் சிரிக்கத் தயாராக இருப்போம். லட்சுமணின் 'காமன் மேன்' இன்னும் மோசம். கட்டம் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்று பார்ப்பார், அவ்வளவுதான். வாயே திறக்கமாட்டார். அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் கையில் வாளோடும் தோளில் பிணத்தோடும் சுடுகாட்டைவிட்டு வெளியே போகாமலே எத்தனை வருஷம் நடந்தான்! உருவத்தில் ஒரு அடையாளம், குணத்தில் ஒரு பிடிவாதம், இரண்டையும் மாற்றாமல் திரும்பத் திரும்ப ஒரே ஆளை வரைவது. இவ்வளவுதான் வித்தை என்று தெரிந்தால் பிள்ளைக்கு உங்களுடைய கோடை வகுப்பு எதற்கு?

அதைவிடப் பெரிய தொல்லை, இந்தக் குறைகளைத் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை என்பது. நம் பக்கத்து ஊர்களில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் இருக்கிறது, பத்திரிகைக்காரர் யாரும் வைத்ததில்லை. சித்திரை வெயிலிலும் குடையோடு மழைக்குக் காத்திருக்கிற முத்தண்ணா உங்கள் தெருவிலேயே இருப்பார். பாலக்கோடு தக்காளி மண்டிக்கு அப்பாவோடு போய்வருகிற பிள்ளை ஒன்று, ஒரு தக்காளிக்குக் கை கால் முளைக்க வைத்து வரைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலை மாதிரி கிலோ நூறு ரூபாயைத் தாண்டுகிற சமயத்தில் அந்தத் தக்காளி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெங்காயத்தோடு பேசாது, பீன்ஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கிரேடில் உட்காராமல் லாரியில் டிரைவர் பக்கத்து சீட்டைக் கேட்கும். விலை விழுந்து கிலோ இரண்டு ரூபாய்க்கு வந்தால் ரோட்டோரம் கொட்டிக் கிடந்துகொண்டு, போகிற மாட்டையெல்லாம் "அண்ணே" என்று கூப்பிடும். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது, விலைதான் ஏறி இறங்குகிறது. விவசாயி வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த பொருளாதாரம் முழுக்க அந்த ஒரு பழத்தில் வந்துவிடும். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, "தக்காளி வேண்டாம்டா கண்ணு, ஆப்பிள் வரை" என்று சொல்லுங்கள். ஆப்பிளுக்கு நம்மூரில் கதை கிடையாது.

தலைப்புப் பஞ்சம் வந்தால் இருக்கவே இருக்கிறார் அதியமான். தகடூரில் பிறந்த புண்ணியத்துக்கு நம் மாவட்டத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் அவர் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுப்பதை ஒரு தடவையாவது வரைந்தாக வேண்டும். இடது பக்கம் கிரீடம், வலது பக்கம் வெள்ளைத் தலையும் ஊன்றுகோலும், நடுவில் பச்சையாக ஒரு உருண்டை. ஔவையின் முகம் 1953-ல் வந்த 'ஔவையார்' படத்தின் கே.பி. சுந்தராம்பாள் முகமாகவே வந்துவிடும், பரவாயில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சாவை நெடுநாள் தள்ளிப்போடுகிற கனியைக் கொண்டுபோய் வெளியாள் கையில் கொடுத்துவிட்டு அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போன அதியமானிடம் அரண்மனையில் என்ன கேட்டார்கள் என்ற கேள்வி பிள்ளைக்கு வந்துவிடக்கூடாது. வந்தால் அடுத்த கட்டத்தைப் போட்டுவிடும்: கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற மன்னன், கதவு சாத்தியிருக்கிறது. ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது.

தெருக்கூத்து நடக்கிற ராத்திரியில் பிள்ளையைச் சீக்கிரம் தூங்க வைத்துவிடுங்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடந்தால் பத்துப் பதினைந்து நாளைக்கு இதே தொல்லைதான். துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து ஆர்ப்பாட்டமாக வந்து நிற்பான். கட்டியக்காரன் அவன் முகத்துக்கு நேராகப் போய் "யார் சாமி நீ, எந்த ஊரு?" என்கிற தோரணையில் விசாரிப்பான். மன்னன் தன் பெருமையைத் தானே பாட வேண்டியதாகிவிடும். கிரீடமும் புஜக்கட்டையும் போட்டவனைப் பழைய துணி கட்டியவன் கேள்வி கேட்கிறான், கூட்டம் கேள்வி கேட்கிறவன் பக்கம். கார்ட்டூன் என்பதன் மொத்தத் தொழிலும் அந்த ஓர் ஆளிடம் இருக்கிறது. கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனைத் தரையில் மண்ணால் மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். மீசை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம், ஒரு ஆள் அவன் மார்பில் நடந்து போகலாம். நெஞ்சு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய ஆணவம் என்று எந்த ஓவிய ஆசிரியரும் அங்கே விளக்கம் சொல்வதில்லை, பிள்ளைக்கே புரிந்துவிடுகிறது. நாம் பல மாதம் உட்கார வைத்துப் புரிய வைக்கப் பார்ப்பதை ஊரார் மண்ணைக் குழைத்தே முடித்துவிடுகிறார்கள்.

அதே மாதிரி, தருமபுரி டவுனில் இருக்கும் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போகவேண்டாம். ஒகேனக்கல்லுக்குப் போங்கள், மீன் வறுவல் கிடைக்கும். அகழ்வைப்பகத்தில் இருப்பவை நடுகற்கள். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு வைத்த கல். நம் பக்கத்தில் வயலோரத்தில் இதே மாதிரிக் கல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள், பிள்ளைக்கும் அந்தப் பெயரையே வைக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் புரியும். ஓங்கிய கை உடம்புக்குப் பொருந்தாமல் நீளமாக இருக்கும். கால் இரண்டும் பக்கவாட்டில், மார்பு நேராக. மாடுகள் பூனை அளவில் ஒரு மூலையில். செதுக்கியவர் அளவெல்லாம் பார்க்கவில்லை, எது முக்கியமோ அதைப் பெரிதாக்கிவிட்டார். சில கற்களில் கட்டம் கட்டமாகவே இருக்கும். கீழே சண்டை, அதற்கு மேலே இரண்டு பெண்கள் வீரனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், உச்சியில் சொர்க்கம். அந்த ஜெனீவா வாத்தியார் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்னால் ஒரு கதையைக் கட்டம் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள், வாசிப்பதுதான் கீழேயிருந்து மேலே.

பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர் என்ற ஊரில் கிடைத்த கல் இன்னும் வம்பு. முதலாம் மகேந்திரவர்மன் காலம், ஏறக்குறைய 1,400 வருஷத்துக்கு முந்தையது. வில்லோடு வீரன் நிற்கிறான், அவனோடு ஒரு நாயும் நிற்கிறது. நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் காத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. நாய்க்குப் பெயரும் போட்டிருக்கிறார்கள்: கோவிவன். வீரனுக்கும் பெயர் இருக்கிறது, ஆனால் எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது நாயின் பெயர்தான். பெயர், உருவம், ஒரு வேலை, ஒரு பிடிவாதம் எல்லாம் உள்ள கதாபாத்திரம். மந்திரச் சக்தி கிடையாது, பெல்ட்டில் கருவி கிடையாது, கடிக்கும். ஒரு பிள்ளை அந்தக் கல்லைப் பார்த்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் கோவிவனின் அடுத்த சாகசத்தைக் கேட்கும். பதில் சொல்ல ஆளில்லாவிட்டால் தானே வரைந்துகொள்ளும். ஆகையால் சுற்றுலா போயே தீர வேண்டுமென்றால் வரிசையாகக் கை கட்டி நடக்கச் சொல்லுங்கள். "தொடாதே" என்பதையே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் எதையும் பார்க்க நேரம் இருக்காது.

பெரியவர்களைப் பார்த்துச் சிரிக்கிற படம் எந்தக் காரணத்தாலும் கூடாது. பாரதியார் 1906-லிருந்து 'இந்தியா' பத்திரிகையில் வெள்ளைக்காரனைக் கேலி செய்து படம் போட்டார், கடைசியில் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டியதாயிற்று. வெள்ளைக்காரன் போனபின் நிலைமை மாறியிருக்கும் என்று நினைத்தால், 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ., மந்திரி பற்றிய ஒரு ஜோக் வந்ததற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள், அது வேறு. ஒரு படத்துக்கும் இரண்டு வரிக்கும் ஒரு சபையே கூடித் தீர்மானம் போட்டதென்றால், பெஞ்சில் ஹெட்மாஸ்டரின் வழுக்கையைக் காம்பஸால் கீறியவனை வகுப்புக்கு வெளியே முட்டி போட வைப்பதில் தப்பே இல்லை. பென்சிலுக்கு இவ்வளவு சக்தி என்பதை அவன் அப்போதுதான் முதல்முதலாக அறிந்துகொள்கிறான், அது மட்டும்தான் உறுத்தல்.

இவ்வளவும் உங்களால் தனியாக முடியாதென்றால் பள்ளிக்கூடம் கைகொடுக்கும். அரசுப் பள்ளிகளுக்கு 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, அப்போது மாதம் ரூ.5,000 சம்பளம். அரைநாளில் ஓர் ஓவிய ஆசிரியர் ஒரு பள்ளியின் எல்லா வகுப்புக்கும் எப்படிக் கற்பிப்பார் என்று கேட்காதீர்கள். அவர் வருகிற அன்றைக்கும் பத்தாம் வகுப்பின் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கியிருப்பார். அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆண்டு விழாவுக்கு வாசலில் கோலம் போட, போர்டில் வரவேற்பு எழுத, மந்திரி வந்தால் பேனர் எழுத, அப்போது மட்டும் அவரை எல்லோரும் "மாஸ்டர்" என்று தேடுவார்கள். ஊஞ்சல், தேன்சிட்டு என்று பள்ளிக் கல்வித் துறையே 2022-லிருந்து சிறுவர் இதழ் போட்டுப் பிள்ளைகளின் படங்களையும் கேட்டு வாங்குகிறது. அந்த இதழ்கள் ஸ்டாஃப் ரூம் அலமாரியில் கசங்காமல் பத்திரமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பிள்ளைகளின் படிப்பு கெடாது.

அவசரக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் வழி இருக்கிறது. 2025 மார்ச்சில் ஊரே தன் போட்டோவைக் கொடுத்து ஜிப்லி படமாக வாங்கிக்கொண்டதே, அதேபோலப் பிள்ளை போட்டோவையும் கொடுங்கள். அரை நிமிஷத்தில் கேரக்டர் தயார். பெரிய கண், சிவந்த கன்னம், பின்னால் ஜப்பான் மேகம். பிள்ளைக்குக் கையே வலிக்காது.

இத்தனையும் செய்தபின்னும் பிள்ளை வரைவதை நிறுத்தவில்லை, நோட்டை ஒளித்து வைக்கிறது, தலையணை உறைக்குள் திணிக்கிறது என்றால் ஒருநாள் அது விளையாடப் போன நேரம் பார்த்து எடுத்துப் பிரியுங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே ஆள் வருவார். முன்னால் தள்ளிய வயிறு, சட்டைப் பையில் மூன்று பேனா, ஒரு கையில் போன், இன்னொரு கையில் உயர்த்திய ஆள்காட்டி விரல். சமையல்கட்டில் அதே விரல், மாட்டுக் கொட்டகையில் அதே விரல், கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னாலும் அதே விரல். "இப்படி இல்ல, அப்படி" என்பது தவிர வேறு வசனமே கிடையாது. நாய்க்குக் குரைக்கச் சொல்லிக்கொடுப்பார், பரிசல்காரருக்குத் துடுப்புப் போடச் சொல்லிக்கொடுப்பார், மழைக்கு எங்கே பெய்வது என்று வழி காட்டுவார். நிழலாகக் காட்டினாலும் யார் என்று தெருவே சொல்லிவிடும். பெயரைப் படிக்கவேண்டிய அவசியமே இருக்காது.

கிழிக்காதீர்கள். நோட்டு பாதிதான் நிரம்பியிருக்கும், அடுத்த கதையில் உங்களை என்ன செய்வதாக இருக்கிறது என்று தெரியாது. வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பீரோச் சாவி எங்கே என்று தேடுங்கள். அதற்குக் கலர் அடிக்க வேண்டியிருக்கிறது.